முன்னால் மட்டும் போகும் கேரவன்

வீடும் வண்டியும் ஒன்றேயான முப்பத்திரண்டடி நீளக் கேரவனை ஒரு தடவைகூட ரிவர்ஸ் எடுக்காமல் அமெரிக்கா முழுவதையும் சுற்றிவந்த ஒரே பெண்மணி வெர்லா டோலெஃப்சன்தான். சரி, அமெரிக்கா முழுவதும் என்றது சற்றே மிகை. வடக்கு டகோடா, மினசோட்டா, அக்கம்பக்கத்தில் இன்னும் கொஞ்சம். ஆனால் ரிவர்ஸ் எடுக்காதது சத்தியம்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்யாணமான புதிதில் தபால் வேலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை கிராமத்து ரோடுகளில் காரில் கடிதம் பட்டுவாடா செய்தவள். பின்பக்கமாக மட்டும் எடுக்காதே, இடிப்பதெல்லாம் அப்போதுதான் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பண்ணை வீட்டில் பார்சல் கொடுக்கப் போனால் களஞ்சியத்தைச் சுற்றி, கோழிக்கூண்டைச் சுற்றி, தேவைப்பட்டால் கோதுமை வயலிலும் ஓரமாக ஏறி இறங்கி, முகத்தை முன்னால் வைத்துக்கொண்டே வெளியே வந்துவிடுவாள். கேரவன் வாங்கிய பிறகு ரிவர்ஸ் எடுப்பதைக் கணவன் ஆர்லின் பார்த்துக்கொண்டான். அவன் இறந்து நான்கு வருஷமாகிறது. வண்டி இருக்கிறது, ஊர் சுற்றும் ஆசை இருக்கிறது, ரிவர்ஸ்தான் இல்லை.

ஆகவே கேரவனை நிறுத்தித் தங்கும் பார்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது வெர்லா பார்ப்பது ஒன்றே ஒன்று. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறும் இடமா? அப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்தில்தான் அமையும். மூன்று கோடைகளாக அவளுடன் வரும் சிநேகிதி பெர்னடீன் குன்ட்ஸ் மீன்பிடிப் பைத்தியம். முட்டி தேய்ந்துபோனதால் தூரம் நடக்க முடியாது. மூன்று கோடையும் தூண்டிலைக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு, போகிற வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மே மாதம் பெர்னடீன் வெர்லாவின் சமையலறைக்கு வந்து, புளிப்பான ரபார்ப் தண்டு போட்ட கேக்கில் பெரிய துண்டாக வெட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாரு வெர்லா. இந்த வருஷம் ஏரிக்கரையிலதான் தங்கணும். இல்லேன்னா நான் சர்ச் கூட்டத்தோட போயிடுவேன். மர்னா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."

"மர்னாவா? அவ குறட்டை விட்டா பக்கத்து வண்டி ஜன்னல் கழண்டு விழும்டி."

"விழட்டும். எனக்கு மீன் வேணும்."

"ஏரிக்கரைக் கொசுவை நீ பாத்ததில்ல. போன வருஷம் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிட்டே போயிடுச்சாம்."

"யாரு பாத்தா?"

"நாய்க்குட்டியோட அம்மா."

பெர்னடீன் சிரிக்கவில்லை. கேக்கை முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாள். "யோசிச்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு. மர்னாவுக்கு பதில் சொல்லணும்" என்று கிளம்பிவிட்டாள்.

ஆர்லின் இறந்த வருஷம் வெர்லா ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். எதிர் நாற்காலி காலியாக இருக்க, ஒரு ராத்திரி சாப்பிட்டுவிட்டு மறுநாளே திரும்பிவிட்டாள். பெர்னடீன் இல்லையென்றால் கேரவன் கொல்லையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ரிவர்ஸ் வராது என்று உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் "நான் ஓட்டாத வண்டியா" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிற வாய், எப்படித் திறக்கும்?

போனை எடுத்து வரிசையாக விசாரித்தாள். ஒரு பார்க்கில் ஏரி உண்டு, வண்டிக்குச் சாக்கடை இணைப்பு இல்லை. இன்னொன்றில் எல்லாம் உண்டு, ஏரி போன வருஷமே வற்றிவிட்டது. கடைசியாக சுண்டே ஏரி பார்க். மேனேஜர் வெண்டெல் நிதானமாகப் பேசினார்.

"கரையை ஒட்டி இடம் இருக்கும்மா. ஆனா வண்டியை முன்பக்கமா நேரா உள்ள விடணும். முன் கண்ணாடி ஏரியைப் பாத்து நிக்கணும், அதுக்குன்னே செஞ்சது. ரிவர்ஸ்ல வரக்கூடாது."

"ரிவர்ஸ்ல வரவே கூடாதா?"

"கண்டிப்பா கூடாது."

வெர்லா போனுக்கே முத்தம் கொடுக்கப் பார்த்தாள்.

புது வண்டி வந்தால் பார்க்கில் இருப்பவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கையில் பீரோடு உட்கார்ந்துவிடுவார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் போடும் சண்டைக்கு டிவி ஈடாகாது. வெர்லா நேராகப் போய் ராணி மாதிரி நிறுத்தியதும், அவர்கள் ஏமாந்து நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். பார்க்கின் தண்ணீர்க் குழாயையும் வண்டியையும் ஒரு ரப்பர் ஹோஸால் இணைத்தாள்.

பெர்னடீன் நாற்காலியைவிட்டு எழாமலே பெர்ச் மீன் பிடித்தாள். தினமும் வறுவல். வெர்லாவுக்கும் சந்தோஷம்தான். ஐந்தாம் நாள் சாயங்காலம் பெர்னடீன் வாணலியில் மீனைப் புரட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை கிளம்பிடலாமா?" என்றாள்.

வெர்லா முன் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எதிரே ஏரி. இடது பக்கம் மரம். வலது பக்கம் அடுத்தவர் வண்டி. காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது. ஏரி எவ்வளவு ஆழம் இருக்கும் என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, "மீன் நல்லா மாட்டுதே, இன்னும் ஒரு நாள்" என்றாள். திங்கட்கிழமை காற்று பலமாம், கேரவன் கவிழ்ந்துவிடுமாம். வெளியே ஓர் இலை அசையவில்லை. செவ்வாய்க்கிழமை டயரில் காற்று குறைச்சல். புதன்கிழமை காலையில் வெண்டெல் வந்து, மத்தியானம் இந்த இடத்துக்கு வேறு வண்டி வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பெர்னடீனும் மறுநாள் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

"வெர்லா, மறைக்காமச் சொல்லு" என்று பெர்னடீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தனியா அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப் பிடிக்கலையா?"

நல்ல சாக்கு, தானாக மடியில் வந்து விழுந்தது. வெர்லா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தலையாட்டப் போனாள்.

"அப்போ நான் உன் வீட்டுக்கே வந்துடறேன். பனிக்காலம் பூராவும். என் அக்கார்டியனையும் எடுத்துக்கிட்டு."

"எனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது" என்றாள் வெர்லா.

பெர்னடீன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"மூணு வருஷம் லாரிப் புகையில உக்காந்து மீனுக்குப் பதிலா முட்டை தின்னேனே. இதுக்கா?"

"ஆமா."

"கொசு?"

"கொஞ்சம் பெரிசாச் சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அறுவடைக்கு அறுவடை கோதுமை லாரியை ரிவர்ஸ்லயே கொண்டுபோய் நிறுத்தினவ நான்."

"அப்போ நீயே எடுத்துடேன்."

"என் முட்டி பிரேக்கை மிதிக்காது. கை நல்லாத்தான் இருக்கு. நான் பின்னாடி நின்னு காட்டறேன். நீ கண்ணாடியை மட்டும் பாரு. அதுல என்னைக் காணோம்னா உடனே நிறுத்திடு. எதையாவது யோசிக்கறேன்னு நகர்த்தாதே."

எஞ்சின் சத்தம் கேட்டதும் சுற்றிலும் நாற்காலிகள் திரும்பின. வெர்லா கியரை ரிவர்ஸுக்குத் தள்ளினாள். பக்கக் கண்ணாடியில் பெர்னடீனின் இரண்டு கைகள். வா வா என்றன. மெதுவாக இடது பக்கம் என்றன. திடீரென்று காணாமல் போயின. நிறுத்தினாள். கைகள் மறுபடி வந்தன. இப்படியே மூன்று தடவை. மரம் கண்ணாடியில் பெரிதாகி, அதைவிட்டு நழுவி, ஒரு வழியாக முன்னால் போய்விட்டது. வண்டி பார்க்கின் ரோட்டில் நின்றது. யாரோ பீர் டப்பாவைத் தூக்கிக் காட்டினார்கள்.

வெர்லா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"பாத்தீங்களா வெண்டெல்? ஒரே மூச்சு! ஒரு புல்லுகூட மடங்கல. அடுத்த வருஷத்துக்கும் இதே இடத்தை எழுதிக்குங்க."

வெண்டெல் பெர்னடீனைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு பேருக்குத்தான்" என்றாள் பெர்னடீன், மூச்சு வாங்கிக்கொண்டே படியேறி. "மர்னா வேற ஆளைப் பாத்துக்கட்டும்."

"எழுதிக்கிறேன்" என்றார் வெண்டெல். "ஆனா ஒரே மூச்சு இல்லம்மா, நாலு. புல்லு மடங்கலதான், நல்லா நனைஞ்சிருக்கு. தண்ணி ஹோஸைக் கழட்டாமலே கிளம்பிட்டீங்க. எங்க குழாயும் பிடுங்கிக்கிட்டு உங்க கூடவே வந்திருக்கு."