பயோஸில் நான் அணைத்த அமைப்பு

எஃப்-டூ விசையைத் திரும்பத் திரும்பக் குத்திய வலி இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது. திரையில் ஒன்றும் அசையவில்லை. பின்னால், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அக்கா, நனைந்த குடையோடு நின்றிருந்தார். கரவனெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸ் அது. நான் கம்ப்யூட்டர் திருத்தப் போனவன்.

அக்காவுக்கு வேண்டியது ஒரு சேவைக் கடிதம். தோட்டத்தில் பேர் பதிந்த நாளைக் காட்டினால்தான் வீட்டுக்காணிப் பட்டியலில் சேர்ப்பார்கள். அன்று மாலை நாலு மணியோடு பட்டியல் முடிகிறது. ஆட்களின் பேர் பதியும் செக்ரோல் புத்தகங்கள் வெள்ளத்தில் போய்விட்டன. பெரிய கிளாக்கர் ஐயா முன்பே கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தது மட்டுமே மிச்சம். அதைத் திறக்கும் புரோகிராமும் அது ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டமும் ஆதிகாலத்தவை. யூஎஸ்பி கீபோர்டை அவற்றுக்குத் தெரியாது. மெஷின் விழிக்கும்போதே ஓடும் பயோஸ்தான் அதைப் பழைய கீபோர்டாக நடிக்கவைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தது.

அன்று எழுத்துகள் இரண்டிரண்டாக விழுந்தன. பயோஸ் மெஷினை எழுப்பிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும், மற்ற நடிப்பெல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பாடு என்பது என் கட்சி. அதற்கென்று ஒரு டிரைவரை ஏற்றிவிட்டு, பயோஸில் கீபோர்டை நடிக்கவைக்கும் அமைப்பை அணைக்கப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரரான கிளாக்கர் ஐயா தடுத்தார்.

"தம்பி, இவ்வளவு நாளும் அதுதானே பாத்துக்கொண்டிருந்தது. இண்டைக்கே ஏன் அதில கை வைக்கிறீர்?"

"அஞ்சு நிமிசம்ங்க ஐயா" என்றேன். என் தலைக்கனம் அப்படி.

டிரைவர் வேலை செய்யவில்லை. கீபோர்டு செத்தது. எஃப்-டூவைக் குத்திப் பயோஸுக்குத் திரும்பி அமைப்பைப் போடவும் அதே கீபோர்டுதான் வேண்டும். பயோஸின் அமைப்புகளைக் காத்துவைக்கும் சின்னப் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். கீபோர்டுக்கு உயிர் வந்தது; ஆனால் பழைய சிஸ்டத்துக்குப் புரியும்படி டிஸ்க்கைக் காட்டும் அமைப்பும் சேர்ந்து அழிந்துவிட்டது. டிஸ்க்கே தெரியவில்லை. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அக்கா மணியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நாலு மணியும் போனது.

மறுநாள் காலை அந்த அமைப்பைத் தேடிப் போட்டதும் டிஸ்க் கிடைத்தது. கடிதத்தோடு மூவரும் பட்டியல் எடுத்த ஆபீசுக்கு ஓடினோம். கிளாக்கர் ஐயா சிங்களத்தில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். பட்டியல் கொழும்புக்குப் போய்விட்டது என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா எனக்கு ஆறுதல் சொன்னார். "விடுங்க தம்பி, மெசினு பழசு. நீங்க என்னா செய்வீங்க?"

கிளாக்கர் ஐயா என்னைப் பார்த்தார். அமைப்பை அணைத்தது நான் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் போன வருடம் காலமாகிவிட்டார். அக்கா இன்னும் தோட்டத்து வரிசைவீட்டில், அதே லயத்துக் காம்பராவில்தான். என்னைக் காணும்போதெல்லாம் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கிறார். குடித்துவிட்டு வருகிறேன்.