பால் வண்டியின் அப்சார்பர்

எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் கோலசிலாங்கூரில் மோட்டார்சைக்கிள் ரேஸ் வைத்தார்கள். கடையில் வாங்கிய வண்டியை எதையும் மாற்றாமல் அப்படியே ஓட்டுகிற பிரிவில் நானும் பெயர் கொடுத்திருந்தேன். விடிந்ததும் பத்தாங் பெர்ஜுந்தாயில் பால் ஊற்றிவிட்டு அதே வண்டியில்தான் போனேன்.

வண்டிகளைச் சோதிக்கிறவர் குனிந்து, பின்சக்கரத்தில் குலுங்கலைத் தாங்குகிற ஸ்பிரிங் ஜோடியைப் பார்த்தார்.

“இந்த அப்சார்பர் ஒரிஜினல் இல்லலா, தம்பி. வெளியில வாங்கிப் போட்டது.”

“ரேஸுக்காகப் போடலங்க. ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்குது. எஸ்டேட் ரோட்டுல ஒரிஜினல் தாங்கல.”

“எதுக்குப் போட்டாலும் ரூல் அதுதான்.”

கூட வந்திருந்த மச்சான் தன் வண்டியில் எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் போய், மாட்டுக்கொட்டகையில் நான் வீசியிருந்த பழைய ஜோடியைக் கொண்டுவந்தார். எண்ணெய் ஒழுகி, துருப்பிடித்து, என்றோ செத்துப்போன சாமான். சாணிகூட முழுசாகப் போகவில்லை. அதைத்தான் மாட்டினோம். சோதித்தவர் கம்பெனி முத்திரையைத் துடைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நல்லது ஆகாதாம், செத்தது ஆகுமாம்.

வளைவுக்கு வளைவு பின்சக்கரம் துள்ளியது. கடைசியாக வந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் படுக்க முடியவில்லை. காலையில் பால் ஏற்ற வேண்டும். பழையதைக் கழற்றிவிட்டு மறுபடி நல்லதை மாட்டினேன்.

“இந்தக் குப்பையத் தூக்கிப் போட்டுடவா?” என்றார் மச்சான்.

“வேணாம் மச்சான். கொட்டகையிலயே கிடக்கட்டும். அடுத்த வருஷமும் அதுதான் பாஸாகும்.”