லேப்டாப்பில் நான் அழித்த இடம்

சிடி டிரைவ் இல்லாத சின்ன லேப்டாப்புகள் வெளிநாட்டிலிருந்து எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்த காலம். விருத்தாசலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். பென் டிரைவில் விண்டோஸை ஏற்றி, அதிலிருந்தே மிஷினைக் கிளப்பத் தெரிந்தவன் அந்தக் கடையில் நான் ஒருவன்தான். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இங்கிலீஷ் குறிப்புகளை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்துக் கற்றுக்கொண்டது. செராமிக் கம்பெனியில் மண் அரைக்கும் அப்பாவிடம் சொன்னபோது, "கரண்டு அடிக்காம பாத்துக்க" என்றார்.

புது லேப்டாப் எதுவானாலும் டிஸ்கின் ஓரத்தில் பெயரில்லாத ஒரு பகுதி ஒளிந்திருக்கும். மிஷின் கெட்டுப்போனால் வாங்கியபோது இருந்த நிலைக்கே திருப்புவதற்காகத் தயாரித்தவர்கள் வைத்தது. எங்கள் கடையில் அதை வீண் இடமாகத்தான் பார்த்தோம். அழித்து டி டிரைவோடு சேர்த்து, பாட்டும் படமும் நிரப்பிக் கொடுப்போம். "மறைச்சு வெச்சிருந்த எடத்தையும் எடுத்துக் குடுத்துட்டோம்" என்று முதலாளி சொன்னால் வந்தவர்களுக்குச் சந்தோஷம்.

மங்கலம்பேட்டை பாய் ஒருவர் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். துபாயில் ஸ்டோர் கீப்பர். லீவு முடிய இரண்டு நாள்தான் இருந்தது. பிள்ளைகள் கேம் ஏற்றியதில் வைரஸ் புகுந்து மிஷின் நின்றுவிட்டது.

"கம்பெனி பொருளு தம்பி. போனதும் வாங்கி செக் பண்ணுவாங்க. குடுத்தது குடுத்தபடி இருக்கணும்."

"இருக்கும் பாய். டீ சாப்புட்டு வாங்க."

பென் டிரைவைச் செருகினேன். திரையில் மூன்று பகுதிகள் வரிசையாக வந்தன. அழிக்கும் முன் இங்கிலீஷில் எச்சரிக்கை வரும். எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். படிக்கவில்லை. விரல் பழக்கத்தில் ஓடியது. மூன்றையும் அழித்து, விண்டோஸ் ஏற்றி, அவர் கேட்காமலேயே பாட்டும் நிரப்பினேன்.

திரும்பி வந்தவர் ஒரு பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தார்.

"இத அமுக்குனா பழையபடி ஆக்கட்டுமான்னு கேக்குமே, கேக்கலியே? அங்க ஆபீஸ்ல இருக்குறவன் மொதல்ல இதத்தான் அமுக்குவான்."

நாளைக்கு வாங்க என்று அனுப்பினேன். அழிந்த பகுதியைத் தேடிப் பிடிக்கும் புரோகிராம் ஒன்று இருந்தது. தேட மணிக்கணக்கில் ஆகும். கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, இரண்டு தடவை பாதியில் நின்றது. மூன்றாம் தடவை அந்தப் பகுதி கிடைத்தது, அளவுகூடச் சரியாக இருந்தது. திறந்தால் ஒரு ஃபைலும் வேலை செய்யவில்லை. அவற்றின் மேல்தான் என் பாட்டுகள் பதிந்திருந்தன.

"வுடுடா, வைரஸு தின்னுடுச்சுன்னு சொல்லிடு" என்றார் முதலாளி.

மறுநாள் பாயிடம் அதைத்தான் சொன்னேன்.

"கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

இங்கிலீஷில் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல, அவர் திரும்பச் சொல்லிப் பழகினார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"உன்னச் சொல்லி என்ன தம்பி. வூட்டுக்குப் போனதும் பெரியவன நாலு சாத்து சாத்தணும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன்.

ஆறேழு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார்.

"லீவா பாய்?"

"ஒரேயடியா வந்தாச்சு. ஆளு கொறைக்கிறோம்னு பத்து பேர அனுப்பிட்டாங்க."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த பட்டன அமுக்குனாங்களா?"

"அமுக்குனான். நீ எழுதிக் குடுத்தத சொன்னேன். ஒண்ணும் சொல்லல, ஏதோ குறிச்சுக்கிட்டான். மறுமாசம் லிஸ்ட்டுல என் பேரு."

"வைரஸு இல்ல பாய். நான்தான் அழிச்சேன். தெரியாம பண்ணிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அவன்கிட்ட உள்ளத சொல்லியிருப்பேனே தம்பி."

அதனால்தான் வேலை போனதா என்று நான் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. மங்கலம்பேட்டை பஸ் வந்தது. போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் ஏறிக்கொண்டார்.