ஓடிப்போனவன் மனைவி

குந்தவை நடவு வயலில் நின்றபோதுதான் போலீஸ் வந்தது. சம்பா நடவு தொடங்கியிருந்தது. முழங்கால் சேற்றில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டரும் ஏட்டும் பைக்கை ரோட்டில் விட்டுவிட்டு, வரப்பில் ஷூ வழுக்க வழுக்க நடந்து வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அவளுக்குப் பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. ஒருவழியாகத் தேட ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

பட்டாளத்தில் இருந்த அவள் கணவன் பரணிதரன் லீவு முடிந்து தஞ்சாவூரில் ரயில் ஏறி ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. யூனிட்டுக்குப் போய்ச் சேரவில்லை. போனும் இல்லை. காணவில்லை என்று புகார் கொடுக்க அவள் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தாள். ரயிலில் காணாமல் போனால் ரயில்வே போலீஸிடம் போ என்றார்கள். ரயில்வே போலீஸ், பட்டாளத்து ஆள் என்றால் பட்டாளம்தான் பார்க்கவேண்டும் என்று அனுப்பியது. புகாரை யாரும் கையில் வாங்கவில்லை.

"பரணிதரன் சம்சாரம் நீதானே?" என்று சப்-இன்ஸ்பெக்டர் வரப்பிலிருந்து கேட்டார்.

"ஆமாங்கய்யா. தகவல் ஏதும் வந்துச்சுங்களா?"

"அதை நீதாம்மா சொல்லணும். எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க அவனை?"

அவளுக்கு அது புரிய நேரமாயிற்று. அவள் தேடச் சொல்லிக் கெஞ்சிய ஆளைத்தான் அவர்கள் தேடி வந்திருந்தார்கள். ஆனால் அவள் சொன்னதற்காக வரவில்லை. பணிக்குத் திரும்பாமல் தப்பியோடியவனைப் பிடித்து ஒப்படைக்கச் சொல்லிப் படைப்பிரிவிலிருந்து உத்தரவு வந்திருந்தது. அதற்காக வந்திருந்தார்கள்.

வீட்டை அலசினார்கள். நெல் குதிருக்குள் டார்ச் அடித்தார்கள், பரணில் ஏறினார்கள், கொட்டகையில் வைக்கோலைக் குத்திப் பார்த்தார்கள். நான்கு வயது மகள் செம்மொழி, குத்திய காது இன்னும் ஆறாமல், கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தெருவே கூடி நின்றது. போகும்போது மாமனார் நடராசனையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நடராசன் குத்தகைக்கு உழுபவர். திருவாரூருக்குத் தெற்கே செம்பியநல்லூரில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை வயல் அவருடையது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்த பிறகு அவர் நடையே மாறிப்போனது. மன்னார்குடிப் பக்கம் பெண் பார்க்கப் போன இடத்தில் நிலம் நீச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பட்டாளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அப்படி வந்தவள்தான் குந்தவை. பிளஸ் டூ முடித்தவள். அதிகம் பேசமாட்டாள், கேட்டதை மறக்கவும் மாட்டாள்.

மகளின் காதுகுத்துக்காகத்தான் பரணிதரன் அந்த லீவில் வந்தான். விசேஷம் முடிந்த கையோடு அப்பாவோடு நாற்றங்காலில் இறங்கிவிட்டான். கிளம்புவதற்கு முந்தின நாள், விதை தெளித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னான்: "போகப் பிடிக்கலைப்பா. இந்த நடவு முடியறவரைக்குமாவது இருந்தா நல்லா இருக்கும்." டீ கொண்டு போன குந்தவையின் காதிலும் அது விழுந்தது. நடராசன் சிரித்தார். மறுநாள் அவன் முகம் மழித்து, பையில் யூனிஃபார்மை மடித்து வைத்து, நேரத்துக்குக் கிளம்பினான். ஒவ்வொரு லீவு முடிவிலும் எப்படிப் போவானோ அப்படித்தான் போனான்.

மறுநாள் ரயிலிலிருந்து பேசினான். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டான். எதிர் சீட்டில் நல்ல மனிதர்கள், சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றான். பேச்சு பாதியில் அறுந்தது. அதற்குப் பிறகு அந்த எண் உயிர் பெறவே இல்லை.

யூனிட்டோடு பேச அவளுக்கு இந்தி தெரியாது. கூத்தாநல்லூரில் செல்போன் கடை வைத்திருந்த சித்தீக், துபாயில் இந்திக்காரர்களோடு பல வருஷம் இருந்தவர். அவள் கடை வாசலில் நிற்பாள், அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிச் சொல்லுவார். போலீஸ் வீட்டை அலசிவிட்டுப் போன அன்றும் அங்கே போனாள். மறுமுனையில் இருந்தவர் பகோடா, பகோடா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தின்கிற பகோடாவைப் பற்றி இந்த நேரத்தில் என்ன பேச்சு என்று அவளுக்கு விளங்கவில்லை. சித்தீக் போனை வைத்துவிட்டு, மேஜைமேல் கிடந்த கவர்களை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே சொல்றாங்க?"

"அது இந்தி வார்த்தை தங்கச்சி. ஓடிப்போனவன்னு அர்த்தம்."

ஸ்டேஷனிலிருந்து நடராசன் மாலையில் திரும்பினார். யாரும் அடிக்கவில்லை என்றார். ஏட்டு டீ வாங்கிக் கொடுத்து, போகும்போது பையன் ஏதாவது சொன்னானா என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். இவர் வாழ்நாளில் போலீஸிடம் பொய் சொன்னவர் கிடையாது. நாற்றங்காலில் மகன் சொன்னதைச் சொன்னார். அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"அதை ஏன் மாமா சொன்னீங்க?"

"கேட்டாங்கம்மா. சொன்னான்தானே?"

"லீவு முடிஞ்சு போறவங்க எல்லாரும் சொல்றதுதானே மாமா அது?"

அதைத்தான் அவரும் ஏட்டிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அது எழுதப்படவில்லை.

ரயில் கடைசியாகப் போய் நின்ற ஊரில், சீட்டுக்கடியில் அவன் பை அனாதையாகக் கிடந்து கிடைத்தது. யூனிஃபார்ம், மாற்று உடை, ஷேவிங் செட், குந்தவை கட்டிக்கொடுத்த முறுக்கு எல்லாம் அப்படியே இருந்தன. ஓடுகிறவன் போட்டுக்கொள்ளத் துணிகூட இல்லாமலா ஓடுவான் என்று குந்தவை கேட்டாள். சீருடையை வீசிவிட்டு ஓடினான் என்று படைப்பிரிவின் விசாரணை முடிவு செய்தது. ரயிலில் மயக்க மருந்து கொடுத்து நகையும் பணமும் பறிப்பவர்கள் உண்டு, தண்டவாளம் ஓரத்தில் அடையாளம் தெரியாத பிணங்கள் உண்டு, அந்த வழியில் போய்க் கேளுங்கள் என்று சித்தீக் இந்தியில் எழுதி அனுப்பிப் பார்த்தார். யாரும் கேட்கப் போகவில்லை. ஓடிப்போனவனைப் பிணங்களுக்கு நடுவில் தேட யாருக்கும் அவசியம் இல்லை.

பிறகு அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். சம்பளம் என்றோ நின்றிருந்தது. குடும்பத்துக்கு ஓய்வூதியமும் கிடையாது என்றாயிற்று. குந்தவை தினமும் கூலி நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். ஊரில் மிலிட்டரிக்காரன் பொண்டாட்டி என்று இருந்தவள் ஓடிப்போனவன் பொண்டாட்டி ஆனாள். வேண்டும் என்று யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஊரில் ரெண்டு குந்தவை இருந்ததால், எந்தக் குந்தவை என்பதற்கு அது ஒரு அடையாளமாகிவிட்டது, அவ்வளவுதான். செம்மொழி பள்ளிக்கூடத்திலிருந்து ஒருநாள் வந்து, அப்பா எங்கே ஓடினார் என்று கேட்டாள். வாசல் முகப்பில் இருந்த யூனிஃபார்ம் படத்தை நடராசன் கழற்றி உள்ளே வைத்தார்.

ஒரு வைகாசியில், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பரணியைப் பார்த்ததாக ஊர்க்காரன் ஒருவன் சொன்னான். கூட ஒரு பெண் இருந்தாளாம். குந்தவை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். ஷிஃப்ட் விட்டு ஆட்கள் வெளியே வரும்போது கேட்டுக்கு எதிரே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தூரத்தில் பார்த்தால் அவனைப்போலவே தோளைச் சாய்த்து நடந்த ஒருவன் வந்தான். அவள் கால் தானாக ரோட்டைத் தாண்டியது. கிட்டே போனதும் வேறு ஆள். என்னக்கா வேணும் என்று கேட்டான். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குத் தன் மேலேயே பயம் வந்தது. ஓடவில்லை, ஓடவில்லை என்று இத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த கேட்டில் அவன் ஓடிப்போனவனாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஓடியிருந்தால் உயிரோடு இருப்பான்.

வக்கீல் மாளவிகாவிடம் அவளை அழைத்துப் போனதும் சித்தீக்தான். தஞ்சாவூர்க்காரி, சென்னையில் தொழில் செய்தவள், வயதில் குந்தவையைவிடச் சிறியவள். காகிதங்களைப் படித்துவிட்டு நேராகப் பேசினாள்.

"கொலை கேஸ்ல பிடிபட்டவனைக்கூட, நிரூபிக்கிற வரைக்கும் நிரபராதின்னுதான் வெச்சுப் பேசணும். உங்க வீட்டுக்காரருக்கு விசாரணை, சாட்சி, வாதம் எதுவுமே நடக்கலைக்கா. ஆள் இல்லாமலே ஒரு விசாரணை வெச்சு, ஓடிட்டார்னு பதிவு பண்ணியிருக்காங்க. கேட்டா, இது தண்டனை இல்லை, பதிவுதான்னு சொல்வாங்க."

"அந்தப் பதிவை அழிக்க முடியாதுங்களா?"

"அவர் நேர்ல வந்து, நான் ஓடலைன்னு சொன்னா முடியும்."

ராணுவத்தினருக்கான தீர்ப்பாயத்தில் வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. வராமல் போனதும் ஓடிப்போனதும் ஒன்றில்லை, திரும்பக் கூடாது என்ற எண்ணம் இருந்ததை நிரூபிக்கவேண்டியது எதிர்த்தரப்பு என்று மாளவிகா வாதாடினாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நடராசனின் வாக்குமூலத்தை வாசித்தார். பெற்ற தகப்பனே சொல்லியிருக்கிறார் என்றார். 'போகப் பிடிக்கலை' என்பதை அவர் இங்கிலீஷில் சொன்னபோது, அதில் நாற்றங்காலும் இல்லை, நடவும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஏழு வருஷம் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கருதச் சட்டத்தில் வழி இருக்கிறது, முதலில் சிவில் கோர்ட்டில் அந்த உத்தரவை வாங்கி வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று முடிவு வந்தது.

அதாவது, அவன் குற்றமற்றவனாக வேண்டுமானால் முதலில் சாகவேண்டும். மாளவிகா அதை எப்படிச் சொல்வது என்று தயங்க, குந்தவையே சொல்லிவிட்டாள். கையெழுத்தும் போட்டாள். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்பிடவில்லை.

சிவில் கோர்ட்டில் அரசு வக்கீல் ஒரு புது வாதம் வைத்தார். சாதாரண மனிதன் ஏழு வருஷம் குடும்பத்தோடு பேசாமல் இருந்தால் இறந்துவிட்டான் என்று எண்ணலாம். பிடிபடுவோம் என்று பயந்து ஒளிந்திருப்பவன் பேசாமல் இருப்பது இயல்புதானே? இவன் பேசாததே இவன் ஒளிந்திருக்கிறான் என்பதைக் காட்டுகிறது என்றார். பிறகு குந்தவையைக் கூண்டில் ஏற்றினார். குரலை உயர்த்தவே இல்லை.

"கணவர் இறந்துட்டார்னு மனு போட்டிருக்கீங்க. ஆனா நெத்தியில குங்குமம் இருக்கு, கழுத்துல தாலி இருக்கு. அவர் செத்துட்டார்னு உங்களுக்கே நம்பிக்கை இல்லை, அப்படித்தானே?"

மாளவிகா ஆட்சேபித்தாள். குந்தவை பதில் சொல்லிவிட்டாள்.

"நீங்க ஓடிப்போயிட்டார்னுதானே சொல்றீங்க. ஓடிப்போனவர் பொண்டாட்டி பொட்டு வெச்சுக்கலாம்ல?"

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அவர் நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். ஆனாலும் தீர்ப்பில், மனுதாரரே கணவர் உயிரோடு இருப்பதாக நம்பும் கோலத்தில் சாட்சி சொன்னார் என்ற வரி இருந்தது. மனு தள்ளுபடி. மாளவிகா கோர்ட் வாசலில் நின்று, நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும் என்றாள். சொல்லும்போது அவள் கண் குந்தவையின் நெற்றியில் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் நடராசன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இருபுறமும் அறுவடை முடிந்த வயல்கள் போய்க்கொண்டிருந்தன. வெளியே பார்த்தபடியே அவர் சொன்னார்.

"அப்பீலுக்குப் போறப்ப அதைக் கழட்டிடும்மா. நான் உண்மை சொன்னேன், அவன் கெட்டான். நீயாவது பொய் சொல்லு."

குந்தவை, அவர் தோளில் தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்த செம்மொழியை நகர்த்தித் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

அப்பீல் போட்டார்கள். அது பட்டியலுக்கு வருவதற்குள் நடராசன் போய்விட்டார். தை மாதம், களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர் தூற்றிய நெல்லின் மேலேயே உட்கார்ந்து சாய்ந்தார். சொந்தபந்தம் வந்தது. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குந்தவை மாமனாரின் தலைமாட்டில் இருந்தபடி பார்த்தாள். முகம் தெரியாத ஒருவர் கடைசி நாற்காலியில் இருந்தார். வெள்ளைச் சட்டை, காக்கி இல்லை. ஆனால் காலில் போலீஸ்காரர்கள் போடும் பிரவுன் ஷூ. வருகிறவர்களை எல்லாம் தலைமுதல் கால்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பன் சாவுக்காவது மகன் வருவான் என்று ஸ்டேஷனிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அவர் பார்த்த திசையில் அவளும் பார்த்தாள். தெரு முனையில் ஒவ்வொரு ஆட்டோ வந்து நிற்கும்போதும் பார்த்தாள். பாடையில் தூக்கும்வரை பார்த்தாள். பங்காளி மகன் ஒருவன் கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டான். பிரவுன் ஷூக்காரரும் கூட்டத்தின் பின்னால் சுடுகாட்டுக்குப் போனார்.

எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது குந்தவை அவரைத் தெருவில் நிறுத்தினாள்.

"அவர் வரலைல்ல சார்?"

அவர் சங்கடப்பட்டார். இல்லம்மா என்றார்.

"அப்பா செத்துக் கிடக்கறப்பகூட வரலை. உயிரோட இருந்தா வந்திருப்பார். இதைக் கோர்ட்ல வந்து சொல்வீங்களா?"

"நான் இங்க வந்ததே கணக்குல இல்லம்மா" என்றார் அவர். வயதானவர். தலையைக் குனிந்துகொண்டு பைக்கை நோக்கிப் போனார்.

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்த குந்தவை நெற்றியில் ஒன்றும் வைக்கவில்லை. மறுநாளும் வைக்கவில்லை. சாவு வீடு என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. காரியம் முடிந்த பிறகு செம்மொழி மட்டும் அம்மாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டதாகக் குந்தவை மாளவிகாவுக்குப் போன் செய்து சொன்னாள். கோர்ட்டுக்காகச் செய்யவில்லை என்றும் சொன்னாள். இனிமேல் புதிதாகச் சாட்சியம் எடுக்கமாட்டார்கள் அக்கா, பழைய சாட்சியத்தை வைத்துத்தான் அப்பீலை முடிவு செய்வார்கள் என்றாள் மாளவிகா.

சரிங்க என்று சொல்லிவிட்டுக் குந்தவை போனை வைத்தாள். உளுந்து வயலுக்கு வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விட்டிருந்தார்கள். மடையைத் திறக்க ஆள் இல்லாததால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவளே போனாள்.