களி உருண்டைக்கு வந்த மீன்

ஒகேனக்கல் அருவிக்கு மேலே, பாறைகளுக்கு நடுவே ஆறு ஆழமாகத் தேங்கி நிற்கும் மடு ஒன்று இருக்கிறது. அதில் பொம்மீன் உண்டு. முதுகு திமில்போல உயர்ந்திருக்கும். செதில்கள் வெயிலில் பித்தளையாக மின்னும். காவிரியையும் அதன் துணை ஆறுகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன். இப்போது இங்கேயே அரிதாகிவிட்டது. ஆனாலும் காரில் தூண்டில் கோலோடு வருகிறவர்கள் இதைத்தான் தேடி வருகிறார்கள். தின்பதற்கு அல்ல, பொழுதுபோக்குக்கு. பிடித்து, மடியில் கிடத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்ப ஆற்றில் விடுவார்கள். விட்டதைப் பெரிய புண்ணியம்போலச் சொல்லிக்கொள்வார்கள்.

அவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் இண்டூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் மடுக்கரையில் உட்கார்ந்துகொள்வேன். யாராவது கோலை நீட்டினால் சண்டைதான். "சம்பளமில்லாத வாட்ச்மேன் வேலைங்க உங்களுக்கு" என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

எவ்வளவு நேரம் சும்மாவே உட்கார்ந்திருப்பது? ஒருநாள், சாப்பிடக் கொண்டுபோன ராகிக் களியில் கொஞ்சம் உருட்டித் தண்ணீரில் போட்டேன். மீன்கள் வந்தன. உடனே என் மூளை வேலை செய்தது. இங்கேயே தீனி கிடைத்தால் இவை மடுவை விட்டு நகராது, என் கண்பார்வையிலேயே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அதன்பிறகு வாராவாரம் களி. தண்ணீரில் கரையாதபடி கெட்டியாகக் கிண்டச் சொல்லி மனைவியை நச்சரித்து, அவள் சலித்துக்கொண்டதால் நானே கிண்டக் கற்றுக்கொண்டேன். வால் ஓரம் கிழிந்த பெரிய மீன் ஒன்று, உருண்டை விழும் சத்தம் கேட்டதும் முதல் ஆளாக வரும். கைக்கெட்டும் தூரத்தில் வந்து வாயைத் திறக்கும். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமையில்தான், பெங்களூரில் வேலை பார்க்கும் மைத்துனன் பொங்கலுக்கு வந்தபோது கூட்டிப்போய்க் காட்டினேன். "என்னா மாமா, வூட்டு நாய்க்குட்டி கணக்கா வருது!" என்றான். உச்சி குளிர்ந்துபோனேன். எப்படிக் கிண்டுவது, எவ்வளவு பெரிதாக உருட்டுவது என்றெல்லாம் அவன் கேட்காமலே சொல்லிக்கொடுத்தேன்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனில் ஒரு போட்டோ வந்தது. மைத்துனனும் அவன் சிநேகிதர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் மடியில் பொம்மீன். வால் ஓரம் கிழிந்திருந்தது.

கூப்பிட்டேன். "விட்டுட்டேன் மாமா, போட்டோ மட்டுந்தான். கோவிச்சுக்காதீங்க" என்றான். "நீங்க சொன்ன மாதிரியே களிய உருட்டிக் கொக்கியில சொருகிப் போட்டேன். போட்ட ஒடனே வந்துருச்சி. ஃப்ரெண்ட்ஸெல்லாம் அசந்துட்டாங்க."

கெட்ட வார்த்தை தொண்டைவரை வந்தது. அவனைத் திட்டி என்ன செய்ய? அவன் கொக்கியை மட்டும்தான் சேர்த்தான். மற்றதெல்லாம் என் கைவேலை.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். பாறை இடுக்கில், முழங்கால் ஆழத் தண்ணீரில், அது வயிறு மேலாகக் கிடந்தது. வெகுநேரம் இழுத்து அலைக்கழித்து, பிறகு போட்டோவுக்காகத் தண்ணீருக்கு வெளியிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். விட்டபோது நீந்தித்தான் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவிக்குத் தம்பிமேல் கோபம் வந்தது. "அவன நாலு வார்த்த கேக்கறேன் இருங்க" என்று போனை எடுத்தாள்.

"வேணாம், உடு" என்றேன். "அது எங்கிட்ட வர்றதா நெனச்சித்தான் போயிருக்குது."

மடுவில் மற்ற மீன்கள் இருக்கின்றனவே. கரையில் ஆள் நின்றால் ஓட வேண்டும் என்று இனி நான்தான் அவற்றுக்குப் பழக்க வேண்டும். அடுத்த ஞாயிறு களி கொண்டுபோகவில்லை. கரையில் கிடந்த கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தேன். மீன்கள் ஓடவில்லை. கல் விழுந்த சத்தத்தைக் கேட்டு வந்தன. இன்னும் பெரிய கல்லாகப் பார்த்துப் போட்டேன். சற்று விலகி, திரும்ப வந்து, கல் இறங்கிய இடத்தை வாயால் துழாவின.

போங்கடா என்று கத்தினேன். அடுத்த கல்லை, முன்னால் நின்ற மீனின் மேலேயே குறிபார்த்து எறிந்தேன். பட்டது. துள்ளி விலகியது, கொஞ்ச தூரத்தில் நின்று, என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது. அழுதுகொண்டே இன்னொரு கல்லைத் தேடினேன்.