கொண்டல் தண்டல்

எங்கள் தெருக் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்க வந்த என் தாய்மாமாவுக்குப் பந்தை உதைக்கத் தெரியாது. முதல் நாள், உதைத்துக் காட்டுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். கால் பந்தில் படவே இல்லை. மல்லாந்து விழுந்ததுதான் மிச்சம். பதினொரு பேரும் சிரிப்பை அடக்கமாட்டாமல் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டோம். மாமா மணலைத் தட்டிவிட்டு எழுந்து, "சரி, இது எனக்கு வராது. உங்கள்ல எவனுக்கு நல்லா வருமோ அவன் மத்தவனுக்குச் சொல்லிக்குடு" என்றார். அத்துடன் உதைக்கும் பாடம் முடிந்தது.

மாமா தண்டலாக இருந்தார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் பாய் விரித்துப் போகிற தோணியின் தலைவருக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஆடிக் காற்றில் தோணிகள் ஓடாது, கரையில் கிடக்கும். அந்த மாதத்தில் சும்மா இருக்கிற பெரிய மனிதர் இவர்தான் என்று மாதா கோயில் சாமியார் இவரைப் பிடித்து எங்களிடம் விட்டுவிட்டார். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பாவுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு தாங்கவில்லை. "தரையில நடந்தாலே தள்ளாடுத ஆளு, பந்தாட்டம் சொல்லிக்குடுக்கப் போறாராம்" என்று சாப்பாட்டு வேளையில் அம்மாவைச் சீண்டினார். அம்மா அன்று அப்பாவுக்கு மீன் துண்டு வைக்கவில்லை.

அது எழுபதுகளின் நடுவில். எனக்குப் பன்னிரண்டு வயது. நான்தான் அணியின் கேப்டன். கேப்டன் என்றால் பெருமைதான், ஆனால் அந்தப் பெருமை எந்த நேரமும் பறிபோகிற நிலையில் இருந்தது. திருவிழாப் போட்டியில் மூன்று வருஷமாக எங்கள் தெரு ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இந்த முறையும் கோப்பை இல்லாமல் வந்தால் அணியைக் கலைத்து, எங்களை மற்ற தெரு அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவதாகச் சாமியார் சொல்லிவிட்டார். நான் வேறு தெருவுக்குப் போய் எவனோ ஒருவனின் கேப்டன்தனத்துக்குக் கீழே விளையாடுவதா? நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமா முதல் மூன்று நாள் பந்தையே கண்ணில் காட்டவில்லை. எங்களை மணலில் வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார். நான் எழுந்து என் இடதுகால் உதையைப் பற்றி ஆரம்பித்தேன். "ஒன்னப் பத்திச் சொல்லாதலே. பக்கத்துல இருக்கவனுக்கு என்ன வரும்னு சொல்லு" என்றார். என் பக்கத்தில் இருந்தவன் கடைசி வீட்டுப் பையன். வாயே திறக்கமாட்டான். ஆள் குறைந்தால் மட்டும் சேர்த்துக்கொள்வோம். அவனுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. நிறைய யோசித்து, "நாய் தொரத்துனா எங்க எல்லாருக்கும் முன்னால வீட்டுக்குப் போயிருவான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. மறுநாளே அவனை வலது ஓரத்தில் ஓடவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பயல் பின்னால் நாய் இல்லாமலும் அப்படித்தான் ஓடுவான் என்று.

அவருக்கு இரண்டே சட்டம். ஆட்டத்துக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், தோணியில் சமைக்கிற பண்டாரியிடம்கூட வானத்தைக் காட்டி, "நீ என்ன சொல்லுத?" என்று கேட்பாராம். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஒரு வாய்தான், அது அவருடைய வாய். கேள்வி கேட்கக்கூடாது, செய்யவேண்டியதுதான்.

அந்த வாயிலிருந்து இடது, வலது என்ற சொற்கள் மட்டும் வரவே வராது. கிழக்குக்குக் கொண்டல், மேற்குக்குக் கச்சான், வடக்குக்கு வாடை, தெற்குக்குச் சோழகம் என்று காற்றின் பெயர்களாலேயே எங்களை விரட்டினார். பள்ளிக்கூடத்தில் இடது வலது படித்த பெருமையில் நான் ஒரு நாள் ஆட்சேபித்தேன். "நீ திரும்புனா ஒன் இடதும் வலதும் சேந்து திரும்பிரும். கொண்டல் திரும்புமாலே?" என்று கேட்டார். கடற்கரை மைதானத்தில் கிழக்கே கடலோரமாக நட்டுவைத்த இரண்டு துடுப்புகள்தான் எங்களுக்குக் கோல் கம்பம், அதுவும் ஒரு பக்கம் மட்டும். ஆகவே மூன்று வாரம் முழுக்க, "கொண்டல்ல அடி!" என்று மாமா கத்தினால் கோல் போடு என்று பொருள். அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், மூளைக்குச் சொல்லாமலே என் கால் உதைத்துவிடும்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், முதல் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டோம். தெருவே தலைகால் தெரியாமல் ஆடியது. அப்பாகூட அலுவலகத்தில் "என் மச்சினன்தான்" என்று சொல்லிக்கொண்டதாகத் தகவல் வந்தது.

இறுதி ஆட்டத்துக்குச் சாயர்புரத்துப் பையன்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் பூட்ஸ்! அவர்களுடைய மாஸ்டர் கழுத்தில் விசில் தொங்கியது. எங்களில் நாலு பேருக்குச் சட்டையில் பித்தானே இல்லை. காற்று மேற்கிலிருந்து மண்ணை வாரி அடித்தது. டாஸ் ஜெயித்த என்னை மாமா பார்த்தார். கண்ணைக் கடல் பக்கம் காட்டினார். முதல் பாதி காற்றோடு கிழக்கே அடிப்பது என்று எடுத்துக்கொண்டேன். பத்தாவது நிமிஷமோ என்னவோ, "கொண்டல்ல அடி!" என்று குரல் வந்தது. அடித்தேன். காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கோலுக்குள் போட்டது. எங்கள் தெருப் பெண்கள் குலவையிட்டார்கள். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

இடைவேளையில் மாமா எங்களைக் கூட்டிவைத்துக்கொண்டு சொன்னார்: "இப்ப கரை மாறியாச்சு. இனி நமக்குக் கச்சான்தான் முன்பக்கம், எதிர்காத்து. பந்தைத் தூக்காதிய. தோணி எதிர்காத்துல நேரா போவாது, அங்கன சாஞ்சு இங்கன சாஞ்சுதான் போவும். அப்படிப் போங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் என் கண்ணெல்லாம் மேசைமேல் பளபளத்த கோப்பையில் இருந்தது. அதை எந்தக் கையால் வாங்குவது என்பதுதான் என் யோசனை.

இரண்டாம் பாதியில் அவர்கள் எங்களைப் போட்டு நெருக்கினார்கள். பாதி நேரம் போனபின் மைதானத்தின் நடுவில் பந்து என்னிடம் வந்தது. நான் கடலைப் பார்த்து நின்றிருந்தேன். ஒரே கூச்சல், காற்று இரைச்சல். அதற்கு நடுவே முதுகுக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல். "கொண்டல்லே! கொண்டல்லே!" என் கால் யாரையும் கேட்கவில்லை. இருந்த பலம் எல்லாவற்றையும் சேர்த்து உதைத்தேன். பந்து உயர எழும்பியது. காற்று அதை ஏந்திக்கொண்டது. அழகான உதை. வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் மறுபடி உதைத்ததில்லை. அது எங்கள் கோல்கீப்பரின் தலைக்கு மேலே பறந்து, எங்கள் கம்பங்களுக்கு நடுவே விழுந்து, வலை இல்லாததால் குதித்துக் குதித்துக் கடலுக்குள் போய்விட்டது.

சாயர்புரத்துப் பையன்கள் தரையில் உருண்டு சிரித்தார்கள். என் ஆட்கள் என்னை அடிக்கவே வந்துவிட்டார்கள். கட்டுமரக்காரர் ஒருவர் பந்தை எடுத்துவர நீந்திக்கொண்டிருக்க, நடுவரிடம் கேட்டுக்கொண்டு மாமா உள்ளே வந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அத்தனை பேர் கேட்க அவரைப் பார்த்துக் கத்தினேன்: "நீங்கதான மாமா கொண்டல்னு கத்துனீய!"

மாமா என்னைப் பார்த்தார். கடைசி வீட்டுப் பையன் என்னவோ சொல்ல வாயெடுத்தான்; அவன் தோளில் கை வைத்து அழுத்தினார். பிறகு எங்கள் தெருவுக்கும் சாயர்புரத்துக்கும் சேர்த்துக் கேட்கும்படி சொன்னார்: "ஆமா, நாந்தான் கத்துனேன். கரை மாறுனத மறந்துட்டேன். வையணும்னா என்னய வையிங்க. சொன்ன சொல்லக் கேட்டவன எதுக்கு வையுதிய?" கூட்டத்தில் எவனோ, "திசை தெரியாத தண்டல் டோய்!" என்று கத்தினான். மாமா காதில் வாங்காத மாதிரி என் முகத்தைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். "இனி நான் வாயத் தொறக்கல. ஆட்டம் ஒங்க கையில. நீங்களே பேசிக்கிட்டு ஆடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

என்னை மாற்றவில்லை! அது போதும் எனக்கு. அதன்பின் நாங்கள் ஆடியதுதான் ஆட்டம். மாமா சொன்னபடியே தரையோடு தரையாக, வாடைக்கு ஒன்று, சோழகத்துக்கு ஒன்று என்று குறுக்கே தட்டித் தட்டி எதிர்காற்றில் ஏறினோம். "இங்கன தா!", "அங்கன விடு!", "பின்னால வாரான்!" என்று பதினொரு வாயும் பேசியது. நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிற நேரம், வாயே திறக்காத கடைசி வீட்டுப் பையன் "ஏலே, இந்தா!" என்று கத்திக்கொண்டே வலது ஓரத்தில் பறந்தான். தட்டிவிட்டேன். அவன் நிற்காமல், பார்க்காமல், ஓடுகிற ஓட்டத்திலேயே உதைத்தான். கோல்! நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது. கோப்பையை வாங்கும்போது எந்தக் கையால் வாங்கினேன் என்பதும் நினைவில் இல்லை.

கோப்பை வந்தது, அணி பிழைத்தது, மாமாவுக்கு மட்டும் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. கொண்டல் தண்டல். துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கூட அப்படிக் கூப்பிட்டுச் சிரித்தார். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். எதுகை நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு. முப்பது வருஷம் எந்த விசேஷ வீட்டிலும் அந்தக் கதையைச் சொல்லாமல் நான் கை கழுவியதில்லை. அவருடைய தோணி ஆட்களுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். மாமாவும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு ஞானஸ்நான விருந்தில் நூறாவது தடவையாக அதைச் சொல்லி முடித்தபோது, கடைசி வீட்டுப் பையன் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனான். அவன் அப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான், தலை நரைத்திருந்தது. "போதும்லே. ஒங்க மாமா கொண்டல்னு கத்தவே இல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன். 'கொண்டாலே, கொண்டாலே'ன்னுதான் கத்துனாவ. பந்தை நான் நிக்கிற பக்கம் கொண்டான்னு. சொல்லக்கூடாதுன்னு தோள அமுக்கிட்டாவ" என்றான். பந்தலின் அந்தப் பக்கம் மாமா இலைக்கு இலை சோறு வைத்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். "எந்த ஆட்டம்லே? எனக்கு மறந்து போச்சு. நீ சாப்பிட்டியா?" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

திசை தெரியாதவன் என்று பேர் வாங்கினால் ஒரு தண்டலை நம்பி எவன் சரக்கு ஏற்றுவான், எவன் உயிரை ஒப்படைத்துக் கடலுக்கு வருவான் என்பதெல்லாம் அந்தப் பன்னிரண்டு வயதுக் கேப்டனுக்குத் தெரியாது. ஜெயித்த சாயங்காலம் மாமா வாங்கிக் கொடுத்த முந்திரி மக்ரூனை வாய்நிறைய அடைத்துக்கொண்டு அவன் பெருந்தன்மையோடு சொன்னான்: "பரவாயில்ல மாமா. தப்பு எல்லாரும் செய்யிறதுதான். நான் ஒங்கள மன்னிச்சிட்டேன்."

மாமா முகத்தில் சிரிப்பே இல்லை. "ரொம்ப நல்லது மருமவனே" என்று சொல்லி, இன்னொரு மக்ரூனை எடுத்து என் கையில் வைத்தார்.