பெரிய எழுத்தில் எழுதும் சாயிப்பு

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இமெயில் வந்த புதிதில், லாட்டரி மோசடிக் கடிதங்களின் தலைப்பெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வருவதைக் கண்டுபிடித்தேன். அத்தகையவை நேரே ஸ்பேம் பெட்டிக்குப் போகும்படி விதி எழுதிவிட்டு, மேதையாக உலவினேன்.

ஒரு நாள் முதலாளி அலறினார்: “எடோ, ஜெர்மன் சாயிப்போட பதில் எவிடே? ஆர்டர் கைவிட்டுப் போகுதடோ!”

ஸ்பேம் பெட்டியைத் திறந்தால், லாட்டரிகளுக்கு நடுவே எங்களிடம் மிளகு வாங்கும் அந்த வெள்ளைக்காரச் சாயிப்பு! பெரிய எழுத்து மட்டுமே அடிக்கும் பழைய டெலக்ஸ் தந்தி இயந்திரத்தில் பழகிய கை. எல்லாமே பெரிய எழுத்து. “நான்கு மணிக்குள் பதில் வராவிட்டால் வேறிடத்தில் வாங்குவேன்” என்றது கடைசிக் கடிதம். மணி மூன்றே முக்கால். முதலாளி தலையாட்ட, அவர் கேட்ட விலைக்குச் சம்மதம் அனுப்பினேன்.

ஆர்டர் பிழைத்தது. சாயிப்பு அனுப்பிய ‘ஓகே’யும் பெரிய எழுத்தில்தான் வந்தது, என் விதி அதையும் விடாமல் ஸ்பேமில் போட்டிருந்தது.

இப்போதெல்லாம் வாடிக்கையாளர் முகவரிகளுக்கு விலக்கு கொடுத்த பிறகே விதி எழுதுகிறேன். காலைச் சாயா, ஸ்பேம் பெட்டியின் முன்னால்தான்.